கோஹினூர் இரட்டைக் கல் பெட்டி: தெலுக் இந்தான் நகைக்கடையில் எதை வாங்கலாம், எதை விடலாம்

மலாய்மொழியில் ‘இந்தான்’ என்றால் வைரம். 1982 வரை தெலுக் ஆன்சன் என்று ஒரு பிரிட்டிஷ் அதிகாரியின் பெயரைச் சுமந்திருந்த, மலேசியாவின் பேராக் மாநிலத்து ஊர், அதன் பிறகுதான் வைரத்தின் பெயருக்கு மாறியது. அந்த ஊரின் கடைவீதியில், சாய்ந்த கோபுரத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், அஞ்சடியை (கடைகளின் முன்னால் ஓடும் கூரையிட்ட நடைபாதையை) ஒட்டி ஒரு தமிழர் நகைக்கடை இருக்கிறது. தாலிக்கொடிக்கும் குழந்தைக் காப்புக்கும் நடுவே ஒரு தனிப் பேழையில் அங்கே கோஹினூர் வைரத்தின் பிரதிகளை விற்கிறார்கள். சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களின் தமிழ்ப்பள்ளிகள் வரலாற்று மூலைக்காகவும், வீட்டுக்காரர்கள் தீபாவளி அன்பளிப்பாகவும் வாங்குகிறார்கள்.

பெட்டி இரண்டு வகை. ஒன்று கண்ணாடிக் கல், விலை 85 வெள்ளி (ரிங்கிட்). மற்றது கியூபிக் சிர்கோனியா, அதாவது நகைக்கடைகளில் ‘அமெரிக்கன் டைமண்ட்’ என்று சொல்லும் கல், விலை 320 வெள்ளி. இரண்டிலும் உள்ளே இருப்பவை ஒன்றுதான்: முகலாயர் காலத்து வடிவில் ஒரு கல், 1852இல் லண்டனில் மறுபடி பட்டை தீட்டிய வடிவில் ஒரு கல், பித்தளைத் தாங்கி இரண்டு, தமிழில் அச்சிட்ட நான்கு பக்க வரலாற்றுத் தாள் ஒன்று.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். 85 வெள்ளிப் பெட்டியை வாங்குங்கள். 320 வெள்ளிப் பெட்டியை, வெறும் மினுமினுப்புக்காக என்றால் தவிர, வாங்க வேண்டாம். விலை இதற்குக் காரணமில்லை. விலையுயர்ந்த பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் ஒரு வரிதான் காரணம்: “அசல் அளவு, அசல் எடை 105.6 காரட்”. சிர்கோனியாவில் இந்த இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்கவே முடியாது.

இன்றைய கோஹினூரின் எடை 105.6 காரட். ஒரு காரட் 0.2 கிராம், ஆக 21.12 கிராம். நீளம் ஏறக்குறைய 36 மில்லிமீட்டர், அகலம் 32, ஆழம் 13. வைரத்தின் அடர்த்தி 3.52, அதாவது ஒரு மில்லிலிட்டர் 3.52 கிராம். சிர்கோனியாவின் அடர்த்தி 5.6இலிருந்து 6.0 வரை. அதே அளவில் வெட்டிய சிர்கோனியாக் கல் 34 முதல் 36 கிராம் வரை, அதாவது 170 காரட்டுக்கு மேலேயே இருந்தாக வேண்டும். பெட்டியில் இருக்கும் கல்லோ 21 கிராம்தான். எடையைச் சரியாக வைக்கப் போய் கல்லைச் சுருக்கிவிட்டார்கள். வெர்னியர் அளவுகோலில் வைத்தால் நீளம் 30.5 மில்லிமீட்டர் காட்டுகிறது. ஐந்தரை மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் மூன்று பக்கமும் அதே விகிதத்தில் சுருங்கியதால், கல்லின் பருமனில் பத்தில் நான்கு பங்கு காணாமல் போயிருக்கிறது. “இவ்வளவுதானா கோஹினூர்?” என்று பிள்ளைகள் கேட்டால், அவர்கள் பார்ப்பது கோஹினூரின் அளவே அல்ல.

கண்ணாடிப் பெட்டி இதற்கு நேர்மாறு. கல் 36 மில்லிமீட்டர், எடை 15 கிராம். எடை குறைவு, அளவு சரி. கண்ணாடியின் அடர்த்தி 2.5 என்பதால் அந்த எடைதான் நியாயமானது. அதன் பெட்டியில் எடை பற்றி ஒரு வார்த்தையும் அச்சிடவில்லை. அது நல்லதாயிற்று.

எந்தக் கடையில் எந்தப் பிரதியை வாங்கினாலும் இதைச் சமையலறைத் தராசிலேயே சோதித்துக்கொள்ளலாம். 0.1 கிராம் வரை காட்டும் மின்தராசு வேண்டும். முதலில் கல்லை அப்படியே வைத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அகலமான கண்ணாடிக் குவளையில் முக்கால் பாகம் தண்ணீர் ஊற்றித் தராசின் மேல் வைத்து, பொத்தானை அழுத்திப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். கல்லை மெல்லிய நூலில் கட்டி, தண்ணீருக்குள் முழுதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். கையில் பிடித்தால் ஆடும், ஒரு குச்சியில் கட்டிப் பிடிப்பது நல்லது. கல் குவளையின் அடியையோ சுவரையோ தொடக்கூடாது. அப்போது தராசு காட்டும் கிராம்தான், கல் அடைத்துக்கொள்ளும் இடம் எத்தனை மில்லிலிட்டர் என்பதற்கான கணக்கு. அசல் அளவுப் பிரதி எந்தப் பொருளால் செய்ததாக இருந்தாலும், 1852 வடிவக் கல்லுக்கு 6.0 வர வேண்டும். முகலாய வடிவக் கல்லுக்கு 10.9 வர வேண்டும். கடையின் கண்ணாடிக் கற்கள் இரண்டும் இந்தச் சோதனையில் தேறுகின்றன. சிர்கோனியாவின் புதுவடிவக் கல் 3.6தான் காட்டுகிறது.

இதில் தவறு நேர்வது பெரும்பாலும் மூன்று இடங்களில். பட்டைகளின் ஓரத்தில் காற்றுக்குமிழி ஒட்டிக்கொண்டால் எண் கூடும், ஒரு சொட்டுப் பாத்திரச் சவர்க்காரம் விட்டால் குமிழி பிடிக்காது. கல் அடியைத் தொட்டுவிட்டால் அதன் எடையும் சேர்ந்து எண் எகிறிவிடும். தடித்த நூல் தண்ணீரை உறிஞ்சும், அதனால் நைலான் நூலே ஏற்றது. முதல் எடையை இந்த எண்ணால் வகுத்தால் பொருளின் அடர்த்தியும் தெரிந்துவிடும். 2.5 என்றால் கண்ணாடி, 2.65 என்றால் பளிங்கு (குவார்ட்ஸ் படிகம்), 5.6க்கு மேல் என்றால் சிர்கோனியா. 3.5 வந்தால் மட்டும் ‘வைரம்’ என்று துள்ள வேண்டாம், வெள்ளைப் புஷ்பராகத்துக்கும் அதே அடர்த்திதான். இடைநிலைப்பள்ளி அறிவியல் பாடத்துக்கு இதைவிட நல்ல செய்முறை கிடைப்பது அரிது.

இனி கற்களின் வேலைப்பாடு. புதுவடிவக் கல்லுக்கு 66 பட்டைகள் இருக்க வேண்டும். வழக்கமான பிரில்லியன்ட் வெட்டில் 58 பட்டைகள் வரும். கோஹினூரில் அடிமுனையைச் சுற்றி இன்னும் எட்டுப் பட்டைகள் நட்சத்திரம் போல வைத்திருக்கிறார்கள். மலிவான பிரதிகள் இந்த எட்டையும் விட்டுவிட்டு அடியைக் கூராக முடித்துவிடும். இந்தக் கண்ணாடிக் கல்லில் எட்டும் உண்டு. எண்ணிப் பார்க்க நினைப்பவர்கள், எண்ணிய பட்டை ஒவ்வொன்றிலும் மார்க்கர் பேனாவால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டே போகலாம். பிறகு ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்துவிடலாம். கல் ஆழமில்லாமல் தட்டையாகத் தெரிவதைக் குறை என்று நினைக்கக்கூடாது. அசலே அப்படித்தான். அகலத்தில் நாற்பது விழுக்காடுதான் அதன் ஆழம். இன்றைய வட்ட வைரங்களில் அது அறுபதை ஒட்டி இருக்கும்.

கண்ணாடிப் பிரதியின் நடுப்பகுதி ஜன்னல் போல் ஊடுருவித் தெரியும், கீழே வைத்த எழுத்தைக்கூடப் படிக்கலாம். வைரத்துக்குள் நுழைந்த ஒளி, அடிப்பட்டையில் 24 பாகைக்கு மேல் சாய்வாக விழுந்தாலே வெளியேற வழியின்றித் திரும்பி மேலே வந்துவிடும். கண்ணாடியில் அதற்கு 41 பாகை வேண்டும். அதனால் பெரும்பகுதி ஒளி கீழே ஒழுகிவிடுகிறது. சிர்கோனியாவில் ஒழுக்கு குறைவு, ஆனால் வானவில் வண்ணம் அளவுக்கு மீறி அடிக்கும். ஒளியை வண்ணமாகப் பிரிக்கும் திறன் வைரத்துக்கு 0.044, சிர்கோனியாவுக்கு 0.060. பார்ப்பவர்கள் அதைத்தான் ‘நல்ல ஒளி’ என்று நினைத்து 320 வெள்ளியை எடுத்து நீட்டுகிறார்கள்.

பெட்டியின் உயிர் பழைய கல்லில்தான் இருக்கிறது. உள்ளங்கையில் பழையதையும் புதியதையும் அருகருகே வைத்தால் போதும், 1852இல் என்ன நடந்தது என்பது எந்தப் புத்தகமும் இல்லாமல் புரிந்துவிடும். பழையது அடியில் தட்டை, மேலே உயர்ந்த மாடம், மாடமெங்கும் சின்னச் சின்னப் பட்டைகள். முகலாயக் கைவினைஞர்கள் எடையைக் காப்பதையே முதல் கடமையாகக் கொண்டவர்கள். கல் இயற்கையில் எப்படி வளர்ந்ததோ அந்த வளைவின் மேலேயே பட்டை வைத்தார்கள். இடம் வலம் ஒத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு இருக்கவில்லை.

பிரதி செய்தவர்கள் சறுக்கியதும் இங்கேதான். மாடத்தை நான்கு பக்கமும் ஒரே சீராக, தாமரை மொட்டுப் போல ஆக்கிவிட்டார்கள். அசல் அப்படி ஒழுங்காக இருக்கவில்லை. ஒருபக்கம் சரிந்தும் ஒருபக்கம் நிமிர்ந்தும் இருந்தது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பழைய வடிவத்தின் சாந்து அச்சு இருக்கிறது. நல்ல பிரதிகள் அதை ஒட்டியே செய்யப்படுகின்றன. தவிர, 85 வெள்ளிப் பெட்டியின் பழைய கல் வெட்டியது அல்ல, அச்சில் வார்த்தது. பட்டைகள் சந்திக்கும் விளிம்புகள் மழுங்கலாக இருப்பதை நகத்தால் வருடினாலே உணரலாம். சிர்கோனியாப் பெட்டியில் விளிம்புகள் கூர்மை. அந்தப் பெட்டியைப் பற்றி நல்லதாகச் சொல்லத்தக்கது இது ஒன்றுதான்.

1851இல் லண்டன் ஹைட் பார்க்கில் நடந்த மாபெரும் கண்காட்சியில் பழைய வடிவக் கோஹினூரைப் பார்க்க வந்த கூட்டம் ஏமாந்து திரும்பியது. பூட்டு செய்யும் சப் நிறுவனம் செய்த கூண்டுக்குள், மேலிருந்து வந்த பரவலான பகல் வெளிச்சத்தில், கல் மங்கிக் கிடந்தது. பிறகு காஸ் விளக்குகளையும் கண்ணாடிகளையும் சுற்றி வைத்துப் பார்த்தார்கள். அதைப் பள்ளியிலேயே செய்து காட்டலாம். பழைய கல்லை முதலில் வராந்தா வெளிச்சத்தில் வையுங்கள், அதில் ஒன்றும் தெரியாது. பிறகு உள்ளே கறுப்புத் துணி ஒட்டிய அட்டைப்பெட்டியில் வைத்து, பக்கவாட்டில் ஒரு சிறிய கைவிளக்கைப் பிடித்து மெல்ல நகர்த்துங்கள். மாடத்தின் பட்டைகள் ஒவ்வொன்றாகப் பற்றிக்கொள்ளும். எண்ணெய் விளக்கும் தீப்பந்தமும் எரிந்த மண்டபத்தில், அசையும் உடலில் அணிவதற்கென்று வெட்டிய கல் அது. அதைக் கண்ணாடி மாளிகையின் பகலில் கூண்டுக்குள் அசையாமல் வைத்துவிட்டு, கல்லைக் குறை சொன்னார்கள்.

அதன் விளைவுதான் மறுவெட்டு. விக்டோரியா மகாராணியின் கணவர் இளவரசர் ஆல்பர்ட்டின் முன்முயற்சியில், அரச நகை நிறுவனமான கராட் அந்த வேலையை ஏற்றது. ஆம்ஸ்டர்டாமில் வைரம் தீட்டும் காஸ்டர் பட்டறையிலிருந்து கைவினைஞர்கள் வந்தார்கள். நீராவி எந்திரத்தில் ஓடிய சாணைச்சக்கரத்தில் 1852 ஜூலை 17 அன்று வேலை தொடங்கியது. வெலிங்டன் கோமகன் முதல் பட்டைக்குக் கைவைத்தார். வேலை 38 நாள், செலவு 8,000 பவுண்டு. 38.2 கிராமாக இருந்த கல் 21.12 கிராம் ஆனது. பதினேழு கிராம் வைரம் தூளாகப் போயிற்று. பெட்டியிலுள்ள இரண்டு கற்களும் ஒரே அளவுக் கணக்கில் இருப்பதால், அந்தப் பதினேழு கிராமைக் கண்ணால் பார்க்க முடிகிறது. 85 வெள்ளி கொடுப்பது இதற்காகத்தான்.

அடுத்தது வரலாற்றுத் தாள். அச்சு தெளிவு, தமிழும் பெரும்பாலும் பிழையற்றது. செய்திகளில்தான் பல இடங்களில் கோளாறு. பள்ளியில் சுவரில் ஒட்டுவதற்கு முன் இவற்றைத் திருத்திக்கொள்ளுங்கள்.

கோஹினூர் ‘கோலார்’ சுரங்கத்தில் கிடைத்தது என்கிறது தாள். கோலார் கர்நாடகத்துத் தங்கவயல், அங்கே வைரம் இல்லை. எழுத நினைத்தது கொல்லூராக இருக்க வேண்டும். அந்தக் கொல்லூரும் மூகாம்பிகை கோயில் இருக்கும் கொல்லூர் அல்ல. ஆந்திரத்தில் கிருஷ்ணா ஆற்றங்கரையில் இருந்த பழைய வைரச் சுரங்கம். கோஹினூர் அந்தப் பகுதியில்தான் கிடைத்திருக்கும் என்பது பரவலான கருத்து. கோல்கொண்டா என்பது சுரங்கத்தின் பெயர் அல்ல. அது கோட்டையும் ஆட்சிப்பீடமும் சந்தையும். சுற்றுவட்டாரச் சுரங்கங்களின் கற்கள் அங்கே விலைபோனதால் அந்தப் பெயர் கற்களுக்கு ஒட்டிக்கொண்டது.

வாரங்கல் கோயிலில் அம்மன் கண்ணாக இருந்ததை மாலிக் காபூர் எடுத்துப் போனார் என்ற பத்தியையும் நீக்கிவிடலாம். 1310இல் அவர் வாரங்கலிலிருந்து பெருஞ்செல்வம் கொண்டுபோனது உண்மை, அடுத்த ஆண்டு மதுரை வரை வந்ததும் உண்மை. அந்தச் செல்வத்தில் இந்தக் கல் இருந்தது என்பதற்கு அக்காலச் சான்று இல்லை. 1526இல் பாபர் தம் நாட்குறிப்பில் எழுதிய பெரிய வைரம் இதுதான் என்பதும் நிறுவப்படாத ஊகம். ஆனால் அந்தக் கல்லுக்கு மதிப்பீட்டாளர்கள் சொன்ன விலையைப் பாபர் குறித்த விதம் அழகு: உலகம் முழுவதற்கும் இரண்டரை நாள் சாப்பாடு.

தலைப்பாகை மாற்றும் கதை தாளில் பாதிப் பக்கத்தைப் பிடித்திருக்கிறது. 1739இல் டில்லியைச் சூறையாடிய நாதிர் ஷா, தலைப்பாகைக்குள் கல்லை ஒளித்து வைத்திருந்த முகம்மது ஷாவிடம் நட்புக்கு அடையாளமாகத் தலைப்பாகை மாற்றிக்கொண்டு தந்திரமாகப் பறித்தார் என்ற கதை அது. சுவையான கதைதான். ஆனால் அக்காலத்திலேயே எழுதிய பாரசீக வரலாற்றாசிரியர் மார்வி, கல் மயிலாசனத்தின் உச்சியில் பதிந்திருந்ததைச் சொல்கிறார். 1635இல் ஷாஜகான் முடித்த அந்த ஆசனத்தோடு கல்லும் பாரசீகம் போயிற்று. ‘கோஹினூர்’, ஒளிமலை, என்ற பெயரும் நாதிர் ஷா காலத்தில் வந்தது.

அதன் பிறகான வழி தெளிவானது, தாளும் சரியாகவே சொல்கிறது. 1747இல் நாதிர் ஷா கொலையுண்ட பின் ஆப்கானியரான அகமது ஷா துரானியிடம் போயிற்று, அவர் வழிவந்த ஷா ஷுஜாவிடமிருந்து 1813இல் லாகூரில் பஞ்சாபின் சீக்கிய மன்னர் ரஞ்சித் சிங்கிடம் வந்தது. ஆணுக்கு ஆகாத கல், அணிந்தவர் அழிவார் என்ற சாபக் கதையைத் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். ரஞ்சித் சிங் 1813 முதல் 1839 வரை கல்லைத் தம்மிடம் வைத்திருந்தார், தோளில் கட்டி அரசவைக்கு வந்தார், அரசராகவே நோயில் இறந்தார். இருபத்தாறு ஆண்டு பொறுத்திருந்த சாபத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

திருத்தியே ஆக வேண்டிய வரி இன்னொன்று: “இந்தியா விக்டோரியா மகாராணிக்குப் பரிசளித்தது.” 1849 மார்ச் 29 அன்று லாகூரில் கையெழுத்தான உடன்படிக்கையின் மூன்றாம் பிரிவு, கல்லை இங்கிலாந்து அரசியிடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறது. அதில் கையெழுத்திட்ட மகாராஜா துலீப் சிங்குக்கு வயது பத்து. போரில் தோற்ற அரசின் சிறுவன், நாட்டையும் கல்லையும் ஒரே தாளில் எழுதிக்கொடுத்தான். அதற்குப் பரிசு என்று பெயர் வைப்பது பொய். 2016இல் இந்திய அரசின் வழக்குரைஞரே உச்ச நீதிமன்றத்தில், திருடப்படவும் இல்லை, பலவந்தமாக எடுக்கப்படவும் இல்லை என்று சொன்னார் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அந்த நிலைப்பாட்டுக்கு எதிர்ப்பும் உடனே எழுந்தது. பேராக்கில் தலைமுறைகளாக வாழும் சீக்கியக் குடும்பத்துப் பிள்ளைகளும் கூடப் படிக்கும் பள்ளிகளில் இந்த வரியை அப்படியே விடக்கூடாது.

கல் பம்பாயிலிருந்து ‘மெடியா’ என்ற போர்க்கப்பலில் 1850 ஏப்ரலில் புறப்பட்டு, ஜூலை 3 அன்று விக்டோரியாவின் கைக்குச் சேர்ந்தது. இன்று அது பிரிட்டிஷ் மன்னரின் மணிமுடியில் இல்லை. மன்னர் அணியும் முடியின் முன்புறம் மின்னுவது இரண்டாம் கல்லினன் வைரம். கோஹினூர் இருப்பது 1937இல் அரசி எலிசபெத்துக்காக, அதாவது மறைந்த இரண்டாம் எலிசபெத்தின் தாய்க்காக, பிளாட்டினத்தில் செய்த முடியில், லண்டன் கோபுரத்தில். 2023 முடிசூட்டில் அரசி கமிலா அணிந்த மேரி அரசியின் முடியில் கோஹினூரைப் பதிக்கவில்லை. அந்த மேரி அரசியின் முடியிலேயே 1914 முதல் பெருங்கற்களின் இடத்தில் பளிங்குப் பிரதிகள்தான் இருந்தன. பிரதி வாங்குவது மதிப்புக் குறைவு என்று தயங்குபவர்களுக்கு இது தெரியட்டும்.

“உலகின் மிகப் பெரிய வைரம்” என்ற தலைப்பையும் அடித்துவிடுங்கள். 1905இல் தென்னாப்பிரிக்காவில் கிடைத்த கல்லினன் 3,106 காரட். அதிலிருந்து வெட்டிய முதல் கல்லே 530 காரட்டுக்கு மேல். எடை இழப்பு 43 விழுக்காடு என்று தாளில் இருப்பதும் கணக்குப் பிழை. பழைய எடையான 186 என்பது அன்றைய ஆங்கிலக் காரட், 105.6 என்பது இன்றைய மெட்ரிக் காரட். 186 பழைய காரட் இன்றைய கணக்கில் 191. இழப்பு 45 விழுக்காட்டை நெருங்குகிறது.

விலை பற்றிய பத்தி தனியாகப் பேச வேண்டியது. பல நூறு கோடி வெள்ளி என்று ஓர் எண்ணைப் போட்டு, கடைசியில் ஆச்சரியக்குறியும் வைத்திருக்கிறார்கள். எந்த எண்ணைப் போட்டாலும் அதற்கு ஆதாரம் கிடையாது. ஒரு கல்லின் விலை என்பது யாரோ விற்று யாரோ வாங்கியதில் பிறப்பது. தெளிவாகத் தெரிந்த வரலாறு முழுவதிலும் கோஹினூர் படையோடும் உடன்படிக்கையோடும்தான் கைமாறியது, கடைத்தராசில் ஏறவில்லை. அரச நகைகளுக்குக் காப்பீடும் இல்லை என்பதால், அந்த வழியிலும் ஓர் எண் கிடைக்காது.

ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமென்றால் விற்பனைச் சீட்டு உள்ள கற்களை எடுக்க வேண்டும். நமக்கு நெருக்கமானது ரீஜென்ட் வைரம். சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்த தாமஸ் பிட், வெட்டப்படாத 410 காரட் கல்லை ஓர் இந்திய வணிகரிடம் 48,000 வராகன் கொடுத்து வாங்கினார். அன்றைய கணக்கில் 20,400 பவுண்டு. வெட்டிய பிறகு 1717இல் பிரான்சின் ஆர்லியன்ஸ் கோமகனுக்கு 1,35,000 பவுண்டுக்கு விற்றார். இன்று அது பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்துக்குச் சொந்தம். அண்மைக்கு வந்தால், ஆர்ச்டியூக் ஜோசப் என்ற 76.02 காரட் கோல்கொண்டா வைரம் 2012இல் ஜெனீவா ஏலத்தில் ஏறக்குறைய 2 கோடியே 15 லட்சம் அமெரிக்க டாலருக்குப் போயிற்று. காரட்டுக்கு 2,80,000 டாலர் சொச்சம். அதே விகிதத்தில் பெருக்கினால் கோஹினூரின் கல்மதிப்பு 3 கோடி டாலரை ஒட்டி வரும். அது கல்லுக்கு மட்டும். இந்தியா, பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், ஈரான் எல்லாம் உரிமை கோரும் ஒரு வரலாற்றைப் பெருக்கிப் பார்க்க எந்த வாய்பாடும் உதவாது. தாளில் இந்த இரண்டு விற்பனைகளையும் சேர்த்தாலே போதும், ஆச்சரியக்குறிக்குத் தேவை இருக்காது.

கடையின் சேவையைக் குறை சொல்ல முடியாது. கேட்டால் இரண்டு பெட்டிகளையும் பிரித்துக் காட்டுகிறார்கள், அவர்கள் தராசிலேயே எடை போட விடுகிறார்கள். விளிம்பு உடைந்திருந்தால் ஏழு நாளுக்குள் மாற்றித் தருகிறார்கள். வாங்கும்போதே ஒளியில் திருப்பிப் பாருங்கள். அதிகம் பழுதுபடுவது புதுவடிவக் கல்லின் இடுப்பு, அதாவது மேல்பாதியும் அடிப்பாதியும் சந்திக்கும் விளிம்பு. அங்கே கல் மெல்லிசு, போக்குவரத்தில் இரண்டு கற்களும் ஒன்றோடொன்று உரசினால் முதலில் சில்லு பெயர்வது அங்கேதான். பெட்டியின் பஞ்சுக்குழி இரண்டும் ஒரே அளவில் வெட்டியிருப்பதால் சிறிய கல் உள்ளே ஆடுகிறது. தோட்டத்துச் செம்மண் பாதையில் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோவதாக இருந்தால் தனித்தனியாகத் துணியில் சுற்றிவிடுங்கள்.

கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் கண்ணாடியின் கடினம் ஐந்தரை. தூசியில் எப்போதும் இருக்கும் மணல்துகளின் கடினம் ஏழு. அதனால் காய்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால் கோடு விழும். முதலில் தண்ணீரில் அலசி, சவர்க்கார நீரில் மென்மையான பல்துலக்கியால் தேய்த்து, மறுபடி அலசி, பருத்தித் துணியில் ஒற்றி எடுக்க வேண்டும். கீழ்ப்பேராக் ஈரத்தில் வெல்வெட்டுப் பெட்டி இரண்டு மாதத்தில் பூஞ்சை பிடிக்கும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்றை உள்ளே போட்டு, பள்ளி விடுமுறைக்கு முன் புதிது மாற்றிவிடுங்கள். பித்தளைத் தாங்கி கறுத்தால் புளி போதும், ஆனால் கல்லை எடுத்துவிட்டுத் தேயுங்கள்.

அதே கடையில் அசல் வைரத் தோடும் மூக்குத்தியும் உண்டு என்பதால் ஒரு செய்தி. பிரதிகளைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் போகிறவர்கள், பேனா போன்ற வெப்பச் சோதனைக் கருவி ‘பீப்’ என்றதுமே நம்பிவிட வேண்டாம். அது கண்ணாடியையும் சிர்கோனியாவையும் பிரித்துக் காட்டும். வைரம் போலவே தோன்றும் மொய்சனைட் என்ற செயற்கைக் கல்லில் வெப்பம் மட்டும் அளக்கும் கருவி ஏமாறும். ஆய்வுக்கூடத்தில் வளர்த்த வைரமோ வைரம்தான் என்பதால், அதற்கும் ‘பீப்’ என்றே சொல்லும், ஆனால் அதன் விலை வேறு. அரைக் காரட்டுக்கு மேல் வாங்கினால் சான்றிதழ் கேளுங்கள். அதன் எண் கல்லின் இடுப்பில் பொறிக்கப்பட்டிருந்தால் உருப்பெருக்கியில் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அதே எண்ணைச் சான்று தந்த நிறுவனத்தின் வலைத்தளத்தில் போட்டு, எடையும் அளவும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். அவசரத்துக்கு அடகு வைக்கும் எண்ணம் இருந்தால் இன்னொன்றும் உண்டு. உரிமம் பெற்ற அடகுக்கடை மாதம் 2 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆனால் அங்கே பெரும்பாலும் தங்கத்தின் எடைக்குத்தான் பணம், கல்லுக்கு இல்லை.

பெட்டி முழுதும் வேண்டாம், பழைய வடிவக் கல் மட்டும் போதும் என்பவர்களுக்குக் கண்ணாடியில் அதைத் தனியாக 40 வெள்ளிக்குத் தருகிறார்கள். பேழையில் வைப்பதில்லை, கேட்டால்தான் உள்ளேயிருந்து எடுத்து வருவார்கள். தாள் அதோடு வராது.